வீட்டு பிளான் ஃபைல்கள் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வீட்டு பிளான் போடும் அலுவலகங்களில் ‘ஆட்டோகேட் சரியில்லை’ என்ற பேச்சு அடிக்கடி வரும்; ஆட்டோகேட் என்பது கணினியில் பிளான் வரையும் மென்பொருள். நான் பார்த்தவரை அதில் முக்கால்வாசி, ஃபைலுக்கு வைத்த பெயரிலும் அதை வைத்த இடத்திலும் தொடங்குகிறது. முப்பதுக்கு நாற்பது மனையில் தரைத்தளமும் முதல் தளமும் போடுகிற சாதாரண வேலையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். எதில் கை வைப்பதற்கு முன்பும் அந்த வீட்டின் ஃபோல்டரை முழுசாக ஒரு காப்பி எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். கீழே உள்ள சில வேலைகளைச் செய்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

ஒரே வீட்டுக்கு ஆறு ஃபைல். எது கடைசி என்று தெரியவில்லை

ஃபைனல், ஃபைனல் 2, நியூ ஃபைனல், சார் சொன்னது என்று வரிசையாக நிற்கும். முதலில் எல்லோரும் பார்ப்பது ஃபைல் மாற்றப்பட்ட தேதி. அதை நம்ப வேண்டாம். பழைய ஃபைலை யாராவது திறந்து, லேசாக ஜூம் செய்து, மூடும்போது சேவ் கொடுத்திருந்தாலே அதற்கு இன்றைய தேதி வந்துவிடும்.

அதற்குப் பதிலாக, வீட்டுக்காரருக்கோ மேஸ்திரிக்கோ கடைசியாக அனுப்பிய பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் தேடி எடுங்கள். வெளியே போனதுதான் சாட்சி. சமையலறை அகலம், படிக்கட்டின் படி எண்ணிக்கை, பாத்ரூம் கதவு திறக்கும் பக்கம் என்று மாறியிருக்கக்கூடிய நாலைந்து இடங்களை பிடிஎஃப்பிலும் ஒவ்வொரு ஃபைலிலும் ஒப்பிடுங்கள். ஆட்டோகேட் 2019 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் கம்பேர் கட்டளை இந்த வேலையைச் சுலபமாக்கும். இரண்டு டிராயிங்கை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மாறாததைச் சாம்பல் நிறத்திலும் மாறியதை வேறு நிறங்களிலும் காட்டி, மாறிய இடத்தைச் சுற்றி மேகக்கோடும் போட்டுவிடும். ஆறு ஃபைலில் நான்கு ஒரே மாதிரி என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரியானது கிடைத்ததும் மற்றவற்றை அழிக்க வேண்டாம். ‘பழையவை’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே தள்ளுங்கள். அப்புறம், இது மறுபடி வராதபடி அடுக்க வேண்டும். நான் ஒரு வீட்டுக்கு நான்கே ஃபோல்டர் வைக்கிறேன்: வந்தவை, வரைபவை, அனுப்பியவை, பழையவை. சர்வேயர் கொடுத்தது, வீட்டுக்காரர் கைப்பட வரைந்து அனுப்பிய படம், பத்திர நகல் எல்லாம் முதல் ஃபோல்டரில். அதில் இருப்பதை யாரும் திருத்தக் கூடாது. அனுப்பியவை ஃபோல்டரில் பிடிஎஃப் மட்டும், அனுப்பிய தேதியோடும் ஆர் 0, ஆர் 1, ஆர் 2 என்ற திருத்த எண்ணோடும் இருக்கும்.

முக்கியமானது இதுதான்: வரையும் ஃபைலின் பெயர் வேலை முடியும்வரை மாறவே கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சேவ் ஆஸ் கொடுத்துப் புதுப் பெயர் வைக்கிறார்கள். எண்ணும் தேதியும் வெளியே போகும் பிரதிக்குத்தான் வேண்டும். பெரிய மாற்றத்துக்கு முன் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, தேதி போட்டு, பழையவைக்குள் போடுங்கள். வரையும் ஃபைல் அதே பெயரில், அதே இடத்தில் இருக்கட்டும்.

ஃபோல்டருக்கு வீட்டுக்காரர் பெயரை மட்டும் வைத்தால் இரண்டு வருடத்தில் மூன்று முருகன் வந்துவிடுவார்கள். அதனால் வேலைக்கு எண் கொடுக்கிறேன்: 24-07 என்றால் 2024-இல் வந்த ஏழாவது வேலை. அந்த எண்ணோடு ஊர்ப் பெயர் இருந்தால் போதும்.

தரைத்தளத்துத் தூணும் முதல் தளத்துத் தூணும் ஒன்றன்மேல் ஒன்று வரவில்லை

இரண்டு தளங்களும் தனித்தனி ஃபைலில் இருந்தால், அல்லது ஒரே ஃபைலில் கண்ணுக்குத் தோன்றிய இடத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், இது வந்தே தீரும். தரைத்தளத்தில் ஒரு சுவரை மூன்று அங்குலம் நகர்த்தியிருப்பார்கள். மேலே அது பழைய இடத்திலேயே நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் ஒரே வழி, தளங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை முழு எண்ணாக வைப்பது. முதல் தளத்தைத் தரைத்தளத்திலிருந்து வலப்பக்கம் சரியாக 100 அடியில் வையுங்கள். மொட்டை மாடி 200 அடியில். சென்டர் லைன் டிராயிங் (தூண் குழி தோண்ட நடுக்கோடுகளைக் குறிக்கும் தாள்) கீழ்ப்பக்கம் 100 அடியில். இப்போது தரைத்தளத் தூண்களை மட்டும் தேர்ந்தெடுத்து 100 அடி வலப்பக்கம் காப்பி செய்தால், மேல்தளத் தூண்களின் மேல் அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாத தூண் உடனே தெரியும். படிக்கட்டையும் இப்படியே சரிபார்க்கலாம். படி ஏறி முடியும் இடம் மேல்தளத்தில் எங்கே வருகிறது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

ஃபைலைத் திறந்தால் சுவரே இல்லை. அளவுகள் மட்டும் அந்தரத்தில் தொங்குகின்றன

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி எழுத்து, ஏதோ ஃபோல்டர் பாதை போல, தெரியும். அந்த டிராயிங் வேறொரு ஃபைலை எக்ஸ்ரெஃப்பாக, அதாவது உள்ளே சேர்க்காமல் வெளியிலிருந்து இணைத்து, எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த ஃபைலை அது இருந்த இடத்தில் காணவில்லை என்று பொருள். பென் டிரைவ் நேற்று இ டிரைவாக இருந்தது, இன்று எஃப் ஆகிவிட்டது. அல்லது யாரோ ஃபோல்டர் பெயரை மாற்றியிருக்கிறார்கள். அல்லது மேலே சொன்ன சேவ் ஆஸ் பழக்கம்.

எக்ஸ்டர்னல் ரெஃபரன்சஸ் பலகத்தைத் திறந்தால் காணாமல் போன ஃபைலுக்கு எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ என்றிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, கீழே பாதை காட்டும் இடத்தில் சரியான ஃபைலைக் காட்டுங்கள். சுவர் திரும்பி வந்ததும் நிறுத்திவிடாமல், அதே பலகத்தில் பாதை வகையை ரிலேட்டிவ் என்று மாற்றுங்கள். அப்படிச் செய்தால் முழு ஃபோல்டரையும் எந்தக் கணினிக்குத் தூக்கிப் போனாலும் உள்ளே ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். 2018 பதிப்பு முதல் இயல்பாகவே இப்படித்தான் சேர்கிறது. பழைய பதிப்பில் தொடங்கிய வேலைகளில் முழுப் பாதையே பதிவாகியிருக்கும். இரண்டு ஃபைலும் வெவ்வேறு டிரைவில் இருந்தால் ரிலேட்டிவ் பாதை வேலை செய்யாது.

இன்னொருவருக்கு அனுப்பும்போது டிராயிங்கை மட்டும் அனுப்பாமல் இடிரான்ஸ்மிட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்ரெஃப், படங்கள், பிளாட் ஸ்டைல் (அச்சில் கோட்டுத் தடிமனைத் தீர்மானிக்கும் ஃபைல்) எல்லாவற்றையும், அமைப்பில் தேர்ந்திருந்தால் எழுத்துருவையும், ஒரே ஜிப்பாகக் கட்டிக் கொடுத்துவிடும்.

சிறிய வீட்டுக்கு எக்ஸ்ரெஃப் வேண்டுமா என்று கேட்டால், ஒருவரே எல்லாம் வரைகிறார் என்றால் வேண்டாம் என்பேன். ஒரே ஃபைலில் மாடல் பகுதியில் ஒருமுறை வரைந்து, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு லேஅவுட் (அச்சுத்தாள் பக்கம்) போட்டு, தேவையில்லாத லேயரை (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கை) அந்த வியூபோர்ட்டில் (தாளில் வரைபடம் தெரியும் சாளரத்தில்) மட்டும் ஃப்ரீஸ் செய்து மறைத்தால் போதும். கம்பி டிராயிங்கை வேறொரு பொறியாளர் தன் கணினியில் வரைகிறார் என்றால் எக்ஸ்ரெஃப்தான் சரி.

சோபா, வீட்டைவிடப் பெரிதாக வந்து விழுகிறது

அல்லது கண்ணுக்கே தெரியாத புள்ளியாக வருகிறது. ஒரு ஃபைல் அங்குலத்திலும் இன்னொன்று மில்லிமீட்டரிலும் வரையப்பட்டிருக்கிறது. எது எந்த அலகு என்று அறிய, அளவு எழுத்தைப் பார்க்காமல் ஒரு கதவை டிஸ்ட் கட்டளையால் அளந்து பாருங்கள். மூன்றரை அடித் தலைவாசல் 42 என்று வந்தால் அங்குலம், 1067-ஐ ஒட்டி வந்தால் மில்லிமீட்டர், 1.067 என்றால் மீட்டர், 3.5 என்றால் அடி.

யூனிட்ஸ் பெட்டியில் அலகை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே வரைந்த கோடுகள் அதனால் மாறுவதில்லை. இனி உள்ளே வரும் பிளாக் (சோபா, கார் போன்ற தயார்ப் படம்) எந்த அளவில் வர வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. வரைந்ததை மாற்ற ஸ்கேல் கொடுக்க வேண்டும். அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு 25.4, அடியிலிருந்து அங்குலத்துக்கு 12, மீட்டரிலிருந்து அங்குலத்துக்கு 39.37. அதன்பின் யூனிட்ஸிலும் சரியான அலகை வைத்துவிடுங்கள்.

நம் ஊரில் இது அதிகம் கடிப்பது மனை எல்லையில்தான். புல வரைபடம் மீட்டரில் இருக்கும்; பத்திரம் சதுர அடியிலோ சென்டிலோ பேசும்; மேஸ்திரிக்கு அடி, அங்குலம்தான். எல்லைக்கோட்டை மூடிய பாலிலைனாக (ஒரே தொடர்கோடாக) வரைந்ததும் ஏரியா கட்டளையால் பரப்பை எடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனை 1200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 2.75 சென்ட். பத்திரத்தில் உள்ளதோடு இது ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு சுவர்கூடப் போடாமல் நிறுத்தி, வீட்டுக்காரரையும் சர்வேயரையும் கேளுங்கள்.

ஃபைல் கனத்துவிட்டது; ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது

ஆயிரம் சதுர அடி வீட்டின் டிராயிங் நாற்பது, ஐம்பது எம்பி இருக்க எந்த நியாயமும் இல்லை. பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கிய கார், செடி, கட்டில் பிளாக்குகள்தான் காரணம். படத்தில் அழித்துவிட்டாலும் அவை ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும்.

இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் ஆடிட் கொடுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு பர்ஜ் கொடுத்து, பயன்படாத பிளாக், லேயர், ஸ்டைல் எல்லாவற்றையும் நீக்குங்கள். அதன்பின் பர்ஜ் கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு கோடு (-) சேர்த்துத் தட்டச்சு செய்து, ரெக்ஆப்ஸ் (Regapps) என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேறு மென்பொருள்கள் விட்டுச்சென்ற பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், அவை போகும். கடைசியாக ஓவர்கில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை எடுத்துவிடும். ஆனால் கொடுத்தபின் அளவுகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால் பிளான் ஒரு புள்ளியாகச் சுருங்கினால், எங்கோ தொலைவில் ஏதோ ஒரு துண்டு கிடக்கிறது. அதைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் டிராயிங்கை மட்டும் ஜன்னல் போட்டுத் தேர்ந்தெடுத்து டபிள்யூபிளாக் மூலம் புது ஃபைலாக எழுதுங்கள். தூசும் துண்டும் பழைய ஃபைலோடு நின்றுவிடும். முக்கியமான இழப்பு, லேஅவுட்டுகள் கூடவே வராது. அவற்றைப் பழைய ஃபைலிலிருந்து மறுபடி எடுத்துச் சேர்க்க வேண்டும்.

தமிழ் எழுத்து கேள்விக்குறியாக, அல்லது ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது

இரண்டும் வேறு வேறு நோய். ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கலந்து கிடந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. நிறுவினால் வந்துவிடும். கேள்விக்குறி வந்தால், யூனிகோடில் அடித்த தமிழுக்கு ஆட்டோகேடின் சொந்த எஸ்எச்எக்ஸ் வகை எழுத்துருவை ஸ்டைலில் வைத்திருக்கிறீர்கள். அதில் தமிழ் கிடையாது. ஸ்டைல் கட்டளையில் நிர்மலா அல்லது லதாவுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 10-இல் லதா தானாக வருவதில்லை. அமைப்புகளில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். நிர்மலா ஏற்கெனவே இருக்கும். புது வேலைகளை யூனிகோடிலேயே தொடங்கிவிடுங்கள்.

‘புதிய பதிப்பில் உருவானது’ என்று திறக்க மறுக்கிறது

ஃபைலின் ஒரு காப்பியை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்துகளைப் பாருங்கள், சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஏசி 1032 என்றால் 2018 வடிவம். 1027 என்றால் 2013. 1024 என்றால் 2010. 1021 என்றால் 2007. 1018 என்றால் 2004. 1015 என்றால் 2000. உங்கள் பதிப்பு 2015 என்றால் 1027 வரைதான் திறக்கும். ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூவில் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதிப்பு இருந்தால், ஆப்ஷன்ஸில் ஓபன் அண்ட் சேவ் பக்கத்துக்குப் போய், எல்லோருடையதிலும் மிகப் பழைய வடிவத்தை இயல்பாக வைத்துவிடுங்கள்.

கரண்ட் போனது, இரண்டு மணி நேர வேலையைக் காணோம்

பதறி அதே ஃபைலைத் திறந்து மறுபடி சேவ் செய்யாதீர்கள். மீட்கும் வழி ஒன்று அதனால் மூடிப்போகும். ஒவ்வொரு சேவின்போதும் அதற்கு முந்தைய நிலை அதே ஃபோல்டரில் பிஏகே ஃபைலாக நிற்கும். தானியங்கி சேவ், இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எஸ்வி டாலர் (sv$) என்ற நீட்சியோடு தற்காலிக ஃபோல்டரில் எழுதப்படும். சேவ்ஃபைல்பாத் என்று தட்டச்சு செய்தால் அந்த இடத்தைக் காட்டும். வழக்கம்போல மூடினால் அது அழிந்துவிடும். மின்வெட்டில் நின்றுபோனால் தங்கியிருக்கும். நேரத்தைப் பார்த்துப் புதியது எதுவோ அதை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்து, நீட்சியை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறங்கள். திறக்க மறுத்தால் ரெக்கவர் கட்டளை. விண்டோஸ் நீட்சியை மறைத்து வைத்திருந்தால் முதலில் அதைக் காட்டச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெயர் மாற்றியதாக நீங்கள் நினைப்பீர்கள், உள்ளே மாறியிருக்காது.

சின்னச் சின்னவை

ஓபன் கொடுத்தால் பெட்டி வராமல் கட்டளை வரியில் ஃபைல் பெயர் கேட்கிறதா? ஃபைல்டயா (FILEDIA) என்று தட்டச்சு செய்து மதிப்பை 1 ஆக்குங்கள்.

யாரும் திறக்காத ஃபைல் ‘ரீட் ஒன்லி’ என்கிறதா? கணினி நின்றுபோனபோது டிடபிள்யூஎல் பூட்டு ஃபைல் அழியாமல் தங்கியிருக்கலாம். ஹூஹாஸ் கட்டளையில் யார் பெயர் வருகிறது என்று பார்த்து, அவர் உண்மையில் திறந்து வைக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்த பிறகே அதை அழியுங்கள்.

திரையில் தெரியும் கோடு பிரிண்டில் வரவில்லையா? அது பெரும்பாலும் டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் இருக்கும். அந்த லேயர் ஒருபோதும் அச்சாகாது.

எல்லாக் கோடும் ஒரே தடிமனில் வந்தால் சிடிபி எனும் பிளாட் ஸ்டைல் ஃபைல் கூடவே வரவில்லை. அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் வைக்காத ஏகேட்டாக் எல்எஸ்பி (acaddoc.lsp) என்ற ஃபைல் ஒவ்வொரு வீட்டு ஃபோல்டரிலும் முளைத்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். டிராயிங் திறக்கும்போது தானாக ஓடும் நிரல் அது. இந்த வழியில் பரவும் வைரஸ்கள் பல வருடங்களாக இருக்கின்றன. ஆட்டோகேடை மூடி, எல்லா ஃபோல்டரிலும் பென் டிரைவிலும் தேடி நீக்கி, வைரஸ் தடுப்பியை ஓடவிட்டு, செக்யூர்லோட் மதிப்பு 0 ஆக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைட்டில் பழைய பிரிண்ட் இருக்கிறது

இதற்குக் கட்டளை எதுவும் கிடையாது. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே உள்ள எல்லாக் குழப்பமும் போய் முட்டும் இடம் இதுதான் என்பது.

ஒரு வீட்டில் போர்ட்டிகோவை ஒன்றரை அடி அகலமாக்கச் சொன்னார்கள். பிளானில் மாற்றினேன். சென்டர் லைன் டிராயிங் தனி ஃபைலில், பழைய பிளானிலிருந்து காப்பி எடுத்தது. அதை மாற்ற மறந்துவிட்டேன். சைட்டில் இரண்டு தாளும் இருந்தன. மேஸ்திரி சென்டர் லைனைப் பார்த்துத்தானே குறிப்பார்? இரண்டு குழி தோண்டிய பிறகு, “சார், இந்தத் தாள்ல ஒண்ணு இருக்கு, அந்தத் தாள்ல ஒண்ணு இருக்கு. எதை வச்சுக்கிறது?” என்று போனில் கேட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் கான்கிரீட் விழுந்திருக்கும். அதன் பிறகுதான் சென்டர் லைனைப் பிளான் இருக்கும் ஃபைலுக்குள்ளேயே கொண்டுவந்தேன், 100 அடிக் கணக்கையும் அப்போதுதான் தொடங்கினேன்.

இப்போது செய்வது இது. ஒரு தாள் மாறினாலும் அதோடு தொடர்புள்ள எல்லாத் தாளுக்கும் புது எண் போட்டு ஒரே கட்டாக அனுப்புகிறேன். தலைப்புக் கட்டத்தில் எண்ணும் தேதியும் பெரிதாக, மேஸ்திரி கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் அளவில் இருக்கும். மாறிய இடத்தைச் சுற்றி மேகக்கோடு. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பை அனுப்பும்போது, படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பி, கீழே ஒரு வரி எழுதுகிறேன்: ‘ஆர் 2. போர்ட்டிகோ அகலம் மாறியது. ஆர் 1 தாள்களைக் கிழித்துவிடவும்.’ அடுத்த முறை சைட்டுக்குப் போகும்போது சிமென்ட் வைக்கும் ஷெட்டுக்குள் நானே போய்ப் பார்க்கிறேன். ஆணியில் மாட்டிய பழைய தாள் அங்கே இருந்தால் எடுத்து மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டு, புதியதை அதே ஆணியில் மாட்டிவிட்டு வருகிறேன்.